விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள்: தாத்தா நிலம், அப்பா வீடு, அம்மாவின் பங்கு

தேனிக்கரை

இந்த இணைய மன்றத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். எங்கள் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கிராமம். எனக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. எனக்கு 1987 இல் திருமணம் நடந்தது. அப்பா உயில் எதுவும் எழுதி வைக்காமல் 2019 இல் காலமானார். அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. ஊரில் உள்ள வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார்.

சொத்து என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று, தாத்தா வழியில் வந்த 1 ஏக்கர் 60 சென்ட் நஞ்சை. 1972 இல் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது அப்பாவின் பாகத்துக்கு வந்த நிலம் அது. மற்றொன்று, 1984 இல் அப்பா தம் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு.

சென்ற வாரம் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, அடுத்த முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். நான் தயங்கியதும் வரிசையாகக் காரணங்களைச் சொன்னார். 1989 க்கு முன் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்றார். குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கேட்கும் உரிமை பெண்ணுக்குக் கிடையாது என்றார். நிலத்தின் பட்டா 2021 இலேயே தம் பெயருக்கு மாறிவிட்டது என்றார். அப்பா 2014 இல் புரோநோட்டு எழுதி வாங்கிய 4 லட்ச ரூபாய்க் கடனை 2021 இல் தாமே அடைத்ததாகவும் கூறினார்.

என் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். "தாய்மாமன் சீரை நான் ஒரு குறையும் இல்லாமல் செய்கிறேன், நீயும் குறை வைக்காமல் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று சொல்லி முடித்தார். நான் என்ன செய்யலாம்? சண்டை போடும் எண்ணம் எனக்கில்லை. தெரியாமல் கையெழுத்துப் போடவும் மனம் ஒப்பவில்லை.

வைப்பாறு

சகோதரி, பட்டா மாறி நான்கு ஆண்டுகள் ஆன பிறகு வழக்கு என்று போனால் அலைச்சல்தான் மிஞ்சும். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் இப்படித்தான் 40 சென்ட் நிலத்துக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் முன்சீப் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தது. தீர்ப்பு வந்தபோது வழக்குப் போட்ட அண்ணனும் இல்லை, எதிர்த்து நின்ற தம்பியும் இல்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே நிலம் என்பதுதான் கிராமத்து நடைமுறை. மகள் திருமணத்தை முன்னிட்டு விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

கருப்பு அங்கி

நண்பர் வைப்பாறு சொல்லும் அலைச்சல் உண்மை. அவர் சொல்லும் சட்டம் உண்மையன்று. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அரசு யாரிடம் தீர்வை வசூலிக்க வேண்டும் என்பதற்கான அடையாளமாக அது பயன்படுமே தவிர, உரிமையை உண்டாக்கவோ பறிக்கவோ செய்யாது. மற்ற வாரிசுகளுக்கு அறிவிப்பு இல்லாமல் ஒருவர் பெயருக்கு மட்டும் பட்டா மாற்றப்பட்டிருந்தால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றம்.

அண்ணன் சொன்ன மற்ற காரணங்களும் வெறும் கற்பனை அல்ல. பூர்வீகச் சொத்து, குடியிருக்கும் வீடு பற்றி அவர் சொன்ன இரண்டும் ஒரு காலத்தில் சட்டமாக இருந்து, பின்னர் நீக்கப்பட்டவை. அதனால்தான் ஊரில் பெரியவர்கள் அவற்றை அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வழங்கியது. 25.03.1989 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அந்த உரிமை இல்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. உங்கள் அண்ணன் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான். 09.09.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் திருமணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி. வினீதா சர்மா வழக்கில் 11.08.2020 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, 2005 இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. உங்கள் தந்தையோ 2019 வரை இருந்திருக்கிறார்.

குடியிருப்பு வீட்டைப் பற்றிய தடை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பழைய 23 ஆம் பிரிவில் இருந்தது. ஆண் வாரிசுகள் தமக்குள் பிரித்துக்கொள்ளும் வரை பெண் வாரிசு பிரிவினை கேட்க முடியாது என்றது அப்பிரிவு. அதே 2005 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது.

கடனைப் பொறுத்தவரை, தந்தையின் கடனுக்கு வாரிசுகள் தமக்கு வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. 2014 இல் எழுதிய புரோநோட்டு மூன்று ஆண்டுகளில் காலாவதி ஆகியிருக்கும். அதற்குள் அப்பா ஏதேனும் தொகை கட்டி, நோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையொப்பம் இட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டுகள் நீளும். ஆகவே அந்த நோட்டைக் கேட்டு வாங்கி முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், 2021 இல் அண்ணன் கொடுத்த பணத்தில் உங்கள் பங்கைச் சட்டப்படி கேட்டுப் பெறுவது அவருக்கு எளிதாக இராது.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் தாத்தா எந்த ஆண்டில் இறந்தார்? நிலத்தின் கணக்கு முழுவதும் அதைப் பொறுத்தது.

சின்னவன்

பேச்சு சகோதரியின் பக்கமே சாய்வதால் மறுபக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் நான்தான் ஊரில் தங்கியவன். அக்காமார் இருவரும் கோயம்புத்தூரில். அப்பா படுக்கையில் கிடந்த மூன்று ஆண்டுகளும் மலம் சலம் எடுத்தது என் மனைவி. ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டது என் நகைக் கடனில். கருமாதி முடிந்த பதினாறாம் நாள் வாரிசுச் சான்று பற்றிப் பேச்சு வந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேனிக்கரை அவர்களின் அண்ணன் சொல்லும் சட்டம் தவறாக இருக்கலாம். அவருடைய மனத்தாங்கலில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

கருப்பு அங்கி

முடியாது. பெற்றோரைப் பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதல் பங்கு என்று வாரிசுரிமைச் சட்டத்தில் எழுதவில்லை. அது சட்டத்தின் குறை என்றே நானும் நினைக்கிறேன். ஆயினும் கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரர் தம் பணத்தைப் போட்டுக் கட்டியிருந்தால், பிரிவினையின்போது இயன்றவரை அந்தப் பகுதியையே அவருக்கு ஒதுக்கும்படியோ, செலவைச் சரிக்கட்டும்படியோ நீதிமன்றத்தைக் கேட்கலாம். தளம் போட்ட கம்பி, சிமெண்ட் ரசீதுகளையும் நகைக் கடன் கட்டிய சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். வாடகை வசூலித்தவர் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் அதே நியாயத்தின் மறுபுறம்.

தேனிக்கரை

தாத்தா இறந்த ஆண்டு எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் சிறு வயதிலேயே போய்விட்டார் என்று கேட்டிருக்கிறேன்; அப்பத்தா அவருக்கும் முன்னால். அத்தைகள் யாரும் இல்லை. அம்மாவுக்கும் ஆண்டு நினைவில்லை. 1972 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையில் அண்ணன் பத்திரத்தின் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முக்கியமான வரிகளை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"நம்மில் 1, 2 லக்கமிட்டவர்களாகிய நாங்கள், எங்களுக்குப் பாத்தியப்பட்ட பாகத்துக்குப் பிரதிப்பிரயோஜனமாகத் திருமண காலத்தில் நகை, சீர் வகையறாக்களையும் தற்போது ரொக்கம் ரூபாய் ஐம்பதாயிரத்தையும் பெற்றுக்கொண்டு, அடியிற்கண்ட ஷெட்யூல் சொத்துகளிலும், இனிமேல் தகப்பனார் பெயரில் தெரியவரும் இதர சொத்துகளிலும் எங்களுக்குள்ள சகல பாத்தியங்களையும் நிரந்தரமாக விடுதலை செய்து..."

எழுதிக் கொடுப்பவர் வரிசையில் முதலாவது அம்மாவின் பெயர், இரண்டாவது என் பெயர். எழுதிப் பெறுபவர் அண்ணன் மட்டுமே.

பழைய முத்திரைத்தாள்

நான் முப்பத்தோராண்டுகள் பத்திரம் எழுதிய தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வரைவைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

அம்மா, முதலில் ஷெட்யூலை, அதாவது சொத்து விவரப் பட்டியலைப் பாருங்கள். நிலத்துக்கு என்றுதான் அண்ணன் உங்களிடம் சொன்னார். "சொத்துகள்" என்று பன்மையில் இருப்பதால் வீடும் இரண்டாவது அயிட்டமாக இருக்கக்கூடும். புல எண்ணுக்குக் கீழே கதவு இலக்கமும் வீட்டு வரி எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது, "இனிமேல் தெரியவரும் இதர சொத்துகள்" என்ற தொடர். இதை எழுதச் சொல்லிக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. நானும் தொடக்க காலத்தில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். எந்தச் சொத்து, எவ்வளவு என்று தெரியாத ஒன்றை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் வரி அது. நாளைக்கு அப்பா பெயரில் ஒரு மனையோ கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வைப்புத் தொகையோ தெரியவந்தால், இதைக் காட்டி உங்களை வாசலிலேயே நிறுத்துவார்கள்.

மூன்றாவதுதான் என்னை எழுதத் தூண்டியது. உங்கள் கையெழுத்தைப் பற்றியே இங்கே எல்லாரும் பேசுகிறோம். முதல் கையெழுத்து உங்கள் தாயாருடையது. எண்பது வயதில், தாம் குடியிருக்கும் வீட்டின் மீது உள்ள உரிமை முழுவதையும் அவர் எழுதிக் கொடுக்கிறார். அவரைக் கடைசி வரை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று அந்த வரைவில் ஒரு சொல்கூட இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. சார்பதிவாளர் முன்னிலையில் புகைப்படம் எடுத்து, விரல் ரேகை வைத்து, "சம்மதித்துத்தானே எழுதிக் கொடுக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குத் தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு அதை ரத்து செய்ய வழக்குத்தான் போட வேண்டும். அதற்கும் மோசடியை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே கெடு.

தேனிக்கரை

ஐயா, ஷெட்யூல் பக்கத்தை அண்ணன் அனுப்பவில்லை. கேட்டு வாங்கினேன். நீங்கள் சொன்னது போலவே இரண்டாவது அயிட்டம் வீடு. பராமரிப்பைப் பற்றி எதுவும் இல்லை. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "வங்கியில் ஏதோ கையெழுத்து என்றானே" என்றார்.

வைப்பாறு

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். விட்டுக்கொடுப்பது வேறு, இது வேறு. ஆனாலும் கேட்கிறேன்: கையெழுத்துப் போட மறுத்தால் அடுத்தது வழக்குத்தானா? அதற்கு நீதிமன்றக் கட்டணமே பெரும் தொகை ஆகும் என்கிறார்களே?

கருப்பு அங்கி

வழக்கு என்பது கடைசிப் படி. கட்டணம், வழக்கை எப்படித் தாக்கல் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. சொத்து இன்னமும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பாகம் கேட்டால் ஒரு சிறு நிலையான கட்டணம்தான். தம்மை அனுபவத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று சொல்லிக் கேட்டால், தம் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12 அதைச் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்; நேரில் போவதென்றால் வட்டச் சட்டப் பணிகள் குழு அந்தந்த நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்குப் போடாமலேயே அங்கு ஒரு மனுக் கொடுத்தால், மறுதரப்பை அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு பதிவானால் அது தீர்ப்பாணைக்குச் சமம்; அதன்மேல் மேல்முறையீடு இல்லை.

மறுப்பதால் உடனடியாக ஒன்றும் கெட்டுவிடாது. உங்கள் பங்கை அண்ணன் விற்க முடியாது. விற்றாலும் வாங்கியவருக்கு அண்ணனின் பங்குதான் போகும். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஒருவருடைய பிரிபடாத பங்கை வெளியாள் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து உள்ளே குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. அவர் பிரிவினை கேட்டு வழக்குத் தொடுத்தால், அந்தப் பங்கை மதிப்பிட்டுக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893 ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

தேனிக்கரை

1972 பத்திரத்தின் சான்றிட்ட நகல் கிடைத்துவிட்டது. பழைய கையெழுத்து; தம்பியும் நானும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். தாத்தா இறந்த ஆண்டு ஆங்கிலத்தில் இல்லை. "நம்முடைய தகப்பனார் கர வருஷம் ஆவணி மாதம் தெய்வகதி அடைந்துவிட்டபடியால்" என்று மட்டும் இருக்கிறது. இதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய முத்திரைத்தாள்

அறுபது ஆண்டுச் சக்கரத்தில் கர இருபத்தைந்தாவது. நம் காலத்தில் அது 2011 சித்திரையில் பிறந்தது. அதற்கு முந்தியது 1951. பத்திரம் 1972 இல் எழுதப்பட்டதால் 2011 ஆக இருக்க முடியாது. அதற்கும் முந்திய 1891 என்றால் உங்கள் அப்பாவே பிறந்திருக்க மாட்டார். ஆகவே தாத்தா காலமானது 1951 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். பழைய பத்திரங்களில் இது சகஜம். பஞ்சாங்கம் தெரியாத எழுத்தரிடம் போனால் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்.

கருப்பு அங்கி

அருமை, ஐயா. அந்த ஒரு வருஷப் பெயர் கணக்கையே மாற்றுகிறது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 17.06.1956 அன்று. தாத்தாவுடைய சொந்தச் சம்பாத்தியமாக அந்த நிலம் இருந்து, அவர் அதற்குப் பின் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பாகம் அவருடைய தனிச் சொத்தாகியிருக்கும். அப்போது நிலமும் வீட்டைப் போலவே அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி என நால்வருக்கும் ஆளுக்குக் கால் பாகம். 160 சென்ட்டில் ஆளுக்கு 40 சென்ட். அவர் 1951 இலேயே இறந்துவிட்டதால், பழைய இந்துச் சட்டப்படி அந்த நிலம் அப்பாவின் கையில் பூர்வீகச் சொத்தாகவே இருந்தது. அதில் அப்பாவும் பிள்ளைகள் மூவரும் பிறப்பால் பங்காளிகள். அப்பா இறப்பதற்குச் சற்று முன் ஒரு பிரிவினை நடந்ததாகச் சட்டம் பாவிக்கிறது. அதன்படி அப்பா, அண்ணன், நீங்கள், தம்பி ஆகிய நால்வருக்கும் 40 சென்ட் வீதம் ஒதுங்கும். நம் பகுதி வழக்கப்படி இந்தப் பிரிவினையில் மனைவிக்குப் பங்கு ஒதுக்குவதில்லை. அப்பாவுக்கு ஒதுங்கிய 40 சென்ட் மட்டும் அம்மா உட்பட நான்கு வாரிசுகளுக்கும் 10 சென்ட் வீதம் போகும்.

ஆக, நிலத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 சென்ட், அம்மாவுக்கு 10 சென்ட். வீட்டிலோ நால்வருக்கும் சரி பாதியில் பாதி. ஒரே குடும்பம், ஒரே சாவு, இரண்டு சொத்துக்கும் வெவ்வேறு கணக்கு. பூர்வீகச் சொத்தில் உங்களுக்குப் பங்கே இல்லை என்றார் அண்ணன். அங்கேதான் உங்கள் பங்கு கூடுகிறது. இதில் இழப்பவர் அம்மா ஒருவர்தான். அவருக்கென்று கணிசமாக இருப்பது வீட்டில் உள்ள அந்தக் கால் பாகம். வரைவுப் பத்திரம் அதையும் எடுத்துக்கொள்கிறது.

சின்னவன்

இந்தக் கணக்கை என் அக்காமாரிடம் காட்டினேன் என்றால் நம்புவீர்களா? எங்கள் தாத்தா இறந்தது 1963. எங்களுக்கு வேறு கணக்கு என்று இப்போதுதான் புரிந்தது. ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேனிக்கரை அக்கா, ஓர் அனுபவஸ்தனாகச் சொல்கிறேன்: வீட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் விட்டுக்கொடுங்கள். ஆனால் அம்மாவை வைத்துப் பார்ப்பது பத்திரத்தில் ஏறட்டும். வாய்ச்சொல்லில் பார்த்துக்கொள்கிறவன் நான். என்னைப் போல எல்லாரும் இருப்பார்கள் என்று நானே உறுதி சொல்ல மாட்டேன்.

பழைய முத்திரைத்தாள்

தம்பி சின்னவன் சொல்வது சரி. விடுதலைப் பத்திரத்தை விட்டுவிட்டு, நால்வரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை ஒவ்வொரு பாகத்துக்கும் 1 சதவீதம், உச்ச வரம்பு 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், வரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் இந்த வரம்புகளை உயர்த்தினார்கள். செலவைக் குறைக்கலாம் என்று வெள்ளைத்தாளில் கூர்ச்சீட்டு எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே நடந்து முடிந்த பிரிவினையை நினைவுக்காகக் குறித்து வைக்கும் சீட்டுக்குப் பதிவு வேண்டாம். உரிமையை உண்டாக்கும் சீட்டுக்குப் பதிவு கட்டாயம். எது எந்த வகை என்று பின்னால் நீதிமன்றத்தில் அடித்துக்கொள்வார்கள்.

வீட்டை அண்ணன் பாகத்தில் சேர்ப்பதானால், தாயாருக்கு அவர் ஆயுள் உள்ளவரை எந்த அறையில் வசிக்கும் உரிமை, மாதம் எவ்வளவு பராமரிப்பு, மருத்துவச் செலவு யாருடையது என்பதைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23 இன்படி, பராமரிப்பு நிபந்தனையோடு சொத்தைப் பெற்றுக்கொண்டவர் தவறினால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2022 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு சற்றுத் தாராளமாகப் பார்த்திருக்கிறது. ஆனாலும் எழுதி வைத்துவிட்டால் இந்த ஆராய்ச்சியே தேவைப்படாது.

தேனிக்கரை

ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு ஊருக்குப் போய் வந்தேன். கணக்கைத் தாளில் எழுதி அண்ணன் முன் வைத்தோம். முதலில் கோபப்பட்டார். பிறகு உள்ளே போய்ப் புரோநோட்டை எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில் 2016 இலும் 2018 இலும் அப்பாவின் கையால் எழுதிய இரண்டு வரவுகள் இருந்தன. ஆக, 2021 இல் அண்ணன் அடைத்தது உயிரோடு இருந்த கடனைத்தான். அந்த வகையில் அவர் மீது நான் சந்தேகப்பட்டது தவறு. அந்தக் கடனில் எங்கள் பங்குப் பணத்தைக் கொடுத்துவிடுவதாக நானும் தம்பியும் ஒப்புக்கொண்டோம். பட்டாவைக் கூட்டுப் பட்டாவாக மாற்ற அவர் சம்மதித்திருக்கிறார். வீட்டைப் பற்றி இன்னும் பிடி கொடுக்கவில்லை. அம்மாவின் பராமரிப்பை எழுத்தில் கேட்டது அவரைப் புண்படுத்திவிட்டது. பேச்சு முடியாவிட்டால் மூவரும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போய் உட்காரலாம் என்று தம்பி சொன்னதற்கு மறுப்பும் சொல்லவில்லை. தாய்மாமன் சீர் பற்றி யாரும் பேசவில்லை.

அம்மாவிடம் கணக்கைப் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பத்து சென்ட் எந்தப் பக்கம் வரும், கிணற்றுப் பக்கமா, வாய்க்கால் பக்கமா?"

பழைய முத்திரைத்தாள்

வாய்க்கால் பக்கமே கேட்கச் சொல்லுங்கள். நான்கெல்லை எழுதும்போது, அந்தப் பத்து சென்ட்டுக்கு வண்டிப் பாதையும் மடை நீர் முறையும் உண்டு என்று ஒரு வரி சேர்க்க மறந்துவிடாதீர்கள்.